புரட்டாசியில் கோழிக்கு லீவு... காலிஃப்ளவர் 65-க்கு ஓவர் டைமா?

சைவத்துக்கு மாறும்போது ஜங்க் ஃபுட் பக்கம் கை போகாமல் இருக்க என்ன செய்யலாம்? ஒரு வீட்டு வழிகாட்டி

புரட்டாசி பிறந்ததும் ஊரில் இரண்டு கடைகளின் நிலவரம் மாறிவிடும். கறிக்கோழிக் கடை வாசலில் கூட்டம் குறையும். மாலையில் பஜ்ஜிக் கடை வாசலில் கூட்டம் கூடும். நாமக்கல் முட்டை விலையும் பல்லடம் கறிக்கோழி விலையும் இறங்குவது இந்த மாதத்தின் வழக்கமான செய்தி. காலிஃப்ளவர் 65, பனீர் ரோல், வெஜ் பப்ஸ், மசாலா பூரி வியாபாரம் ஏறுவதோ செய்தியாக வருவதில்லை.

பெருமாளுக்காக ஒரு மாதம் மட்டும் அசைவத்தை விடுபவர்கள் இருக்கிறார்கள். கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, 'இதையே சாக்காக வைத்து அப்படியே சைவத்துக்கு மாறிவிடலாமா?' என்று யோசிப்பவர்களும் இருக்கிறார்கள். 'ஆடு, கோழியைக் கொன்று சாப்பிட வேண்டாமே' என்று வீட்டுக்குள் குரல் கொடுக்கும் கல்லூரிப் பிள்ளைகள் இன்னொரு பக்கம். காரணம் எதுவானாலும் முதல் வாரத்தில் எல்லோருக்கும் ஒரே அனுபவம்தான். மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டிருப்போம். நாலு மணிக்கு மறுபடி பசிக்கும். கை தானாகவே சிப்ஸ் பாக்கெட்டைத் தேடும்.

மாதக் கடைசியில் எடை மெஷினில் ஏறி நின்றால் சிலருக்கு அதிர்ச்சி. குறைந்திருக்க வேண்டிய எடை கூடியிருக்கும். 'கறியே சாப்பிடலையே, எப்படி?' என்ற கேள்வி வரும்.

பதில் எளிமையானது. தட்டிலிருந்து கோழியும் மீனும் முட்டையும் போன இடம் காலியாகவே இருக்காது. அந்த இடத்தைப் பருப்பும் பயறும் நிரப்பவில்லை என்றால் மைதாவும் எண்ணெயும் சர்க்கரையும் நிரப்பிவிடும். சைவத்துக்கு மாறுபவர்கள் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான்.

பச்சைப் புள்ளி எதற்குச் சான்று?

பாக்கெட்டின் மேல் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் அது சைவம். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி இது. உள்ளே என்ன வகைப் பொருள் இருக்கிறது என்பதை மட்டும்தான் இந்தக் குறி சொல்லும். அதில் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு உப்பு, எவ்வளவு சர்க்கரை என்று சொல்லாது.

உருளைக்கிழங்கு சிப்ஸுக்குப் பச்சைப் புள்ளி உண்டு. கோலாவுக்கு உண்டு. க்ரீம் பிஸ்கட்டுக்கும் மசாலா நூடுல்ஸுக்கும் உண்டு. முட்டை அசைவக் கணக்கில் வரும், கோலா சைவக் கணக்கில் வரும். உடம்பு போடும் கணக்கு வேறு.

சாதாரண உருளைக்கிழங்கு சிப்ஸில் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்புதான். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் நிறுத்திக்கொண்டால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதாவது, ஒரு பாட்டில் குடித்து முடிக்கும்போதே அந்த 25 கிராம் எல்லையைத் தாண்டிவிடுகிறோம்.

ஒரே சைவம்... இரண்டு முடிவுகள்!

'அதான் சைவம் சாப்பிடுறோமே, இதயத்துக்கு நல்லதுதானே?' என்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் ஆய்வு உண்டு. ஹார்வர்டு பொது சுகாதாரப் பள்ளியைச் சேர்ந்த அம்பிகா சத்திஜாவும் அவருடைய குழுவினரும் 2017-ல் வெளியிட்டது. அமெரிக்காவில் செவிலியர்கள், மருத்துவத் துறை ஊழியர்கள் என 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் உணவுப் பழக்கத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள்.

தாவர உணவு எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாமல், இரண்டாகப் பிரித்ததுதான் இந்த ஆய்வின் சிறப்பு. முழுத் தானியம், காய், பழம், பயறு, கொட்டை வகைகள் ஒரு பக்கம். மைதா, இனிப்பு, சர்க்கரைப் பானங்கள், உருளைக்கிழங்கு வறுவல் போன்றவை இன்னொரு பக்கம். முதல் வகையை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு சுமார் 25 சதவிகிதம் குறைவாக இருந்தது. இரண்டாவது வகையை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு சுமார் 32 சதவிகிதம் கூடுதலாக இருந்தது. இரண்டுமே தாவர உணவுதான்!

நம் நாட்டுக் கணக்கும் ஆறுதல் தரவில்லை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இந்தியாவின் மொத்த நோய்ச் சுமையில் 56.4 சதவிகிதத்துக்குத் தவறான உணவுப்பழக்கமே காரணம் என்கிறது, ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி.

ஏன் கை சிப்ஸ் பக்கம் போகிறது?

'மனக் கட்டுப்பாடு இல்லை' என்று நம்மை நாமே திட்டிக்கொள்வதற்கு முன்னால் மூன்று காரணங்களைப் பார்த்துவிடலாம்.

முதல் காரணம், புரதம். பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆர் பரிந்துரை. 60 கிலோ எடை உள்ளவருக்குச் சுமார் 50 கிராம். சமைத்த கோழிக்கறி 100 கிராமில் 25 கிராம் புரதம் கிடைத்துவிடும். ஒரு முட்டையில் 6 கிராம். இவற்றை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் சாம்பாரை வைக்கிறோம். நான்கு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டு சாம்பார் வைத்தால், ஆளுக்குக் கிடைப்பது 25 கிராம் பருப்பு. அதில் புரதம் 5 கிராம் சொச்சம்தான். ரசமும் அப்பளமும் வைத்தால் அதுவும் இல்லை. புரதமும் நார்ச்சத்தும் குறைந்த சாப்பாடு வயிற்றில் அதிக நேரம் நிற்காது. நாலு மணிப் பசி அங்கிருந்துதான் வருகிறது.

இரண்டாவது காரணம், நாக்கு. இத்தனை வருடம் மிளகும் மசாலாவும் ஏறிய வறுவலை மென்று பழகிய நாக்குக்கு, சுரைக்காய்க் கூட்டு திடீரென்று போதாது. மெல்லும் சுகம், மொறுமொறுப்பு, காரம், உப்பு எல்லாவற்றையும் தேடும். சிப்ஸும் காலிஃப்ளவர் 65-ம் அதைத்தான் தருகின்றன.

மூன்றாவது காரணத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அடுப்படியில் நிற்பவரின் களைப்பு. கோழிக்குழம்பு வைத்தால் ஒரே சட்டியில் மதியச் சாப்பாடு முடிந்துவிடும். சைவம் என்றால் குழம்பு, ரசம், பொரியல், கூட்டு என்று நாலு பாத்திரம். நாலாவது நாள் சமைப்பவருக்கு அலுத்துவிடும். அன்று அப்பளம் பொரியும் அல்லது செல்போனில் ஆர்டர் போகும்.

இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. நம் வீடுகளில் கடைசியாகத் தட்டை எடுப்பவர் பெரும்பாலும் அம்மா. எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடியில் மிஞ்சிய சாம்பார், ஊறுகாய், கொஞ்சம் தயிர். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டில் ஒருவருக்கும் மேல்! இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். அதை நிறுத்தும்போது ஈடுகட்ட வேண்டியது முதலில் அவருடைய தட்டில்தான். சுண்டல் செய்தால் அம்மாவின் பங்கை முதலிலேயே தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.

எது ஜங்க்? மூன்று கூடைகள்

ஜங்க் ஃபுட் என்றதும் பீட்சா, பர்கர்தான் நினைவுக்கு வரும். சைவத்துக்கு மாறும் தமிழ் வீட்டில் அது மூன்று வழியாக நுழையும்.

முதல் கூடை, பாக்கெட். சிப்ஸ், நூடுல்ஸ், க்ரீம் பிஸ்கட், கேக், குளிர்பானம். ஆலையில் பல கட்டம் பதப்படுத்திய இவ்வகை உணவுகளால் நாம் அறியாமலே அதிகம் சாப்பிடுகிறோம் என்பதை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு 2019-ல் பரிசோதித்துக் காட்டியது. 20 பேரை மருத்துவ மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்தார்கள். 'வேண்டிய அளவு சாப்பிடலாம்' என்றும் சொல்லிவிட்டார்கள். பதப்படுத்திய உணவு கொடுத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ எடை கூடியது. பரிமாறிய இரண்டு உணவிலும் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து அளவு ஒன்றுபோல் இருக்கும்படி பார்த்துக்கொண்டும் இந்த முடிவு!

சைவ நகெட்ஸ், சைவ சாசேஜ் என்று உறையவைத்து வரும் 'கறி மாதிரி' பொருட்களும் பெரும்பாலும் இந்தக் கூடையில்தான் சேரும். எப்போதாவது ஆசைக்குச் சாப்பிடலாம். தினசரிப் புரதத்துக்கு அவற்றை நம்ப வேண்டாம்.

இரண்டாவது கூடை, கடைப் பொரியல். பஜ்ஜி, போண்டா, காலிஃப்ளவர் 65. இங்கே கவலை இரண்டு. ஒன்று, திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெய். பொரித்த எண்ணெயில் சேரும் 'போலார் சேர்மங்கள்' 25 சதவிகிதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால், தள்ளுவண்டி முன்னால் நிற்கும் நமக்கு அதை அளந்து பார்க்க வழியில்லை. எண்ணெய் கறுத்து, நுரைத்து, கண்ணைக் கரிக்கும் அளவுக்குப் புகைந்தால் நகர்ந்துவிடுவது நல்லது. இன்னொன்று, நிறம். ரோடமின்-பி என்ற சாயம் கலந்த பஞ்சு மிட்டாய்க்கு 2024 பிப்ரவரியில் தமிழக அரசு தடை விதித்தது. அடுத்த மாதமே கர்நாடகம், கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டது. கண்ணைப் பறிக்கும் சிவப்பு நிறம் மிளகாய்த் தூளால் மட்டும் வருவதில்லை.

மூன்றாவது கூடை, நம் வீட்டு வாணலி. சனிக்கிழமை வடை, பாயசம், தினமும் அப்பளம், விருந்தாளி வந்தால் பூரி. பண்டிகைக்குச் செய்வதில் தப்பில்லை. அது தினசரிப் பழக்கமாகும்போதுதான் பிரச்னை. 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் மாதிரித் தட்டு. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். போன மாத மளிகை பில்லை எடுத்துப் பாருங்கள். வெளியே சாப்பிட்ட பஜ்ஜியின் எண்ணெய் அந்த பில்லில் வராது என்பதும் நினைவிருக்கட்டும்.

முதலில் சேருங்கள், பிறகு குறையுங்கள்

பலர் செய்வது நேர்மாறு. முதல் தேதியிலேயே கறிக்கும் தடை, சிப்ஸுக்கும் தடை, இனிப்புக்கும் தடை. ஐந்தாம் நாள் மூன்றும் திரும்பி வந்துவிடும். வயிறு நிறைந்திருந்தால் ஜங்க் ஃபுட்டை விடுவது பாதி சுலபம். அதனால், தடை போடுவதற்கு முன்னால் தட்டை நிரப்புங்கள்.

50 கிராம் புரதம் சைவத்தில் வருமா? வரும். ஒரு நாள் கணக்கைப் பாருங்கள்:

• அரிசி, இட்லி மாவு, சப்பாத்தி, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம் தானியம் - சுமார் 20 கிராம்
• சாம்பார் அல்லது கூட்டில் 25 கிராம் பருப்பு - 5 கிராம்
• சுண்டலாகவோ குழம்பிலோ 50 கிராம் பயறு (ஊறுவதற்கு முன் உள்ள எடை) - 11 கிராம்
• ஒரு கைப்பிடி நிலக்கடலை, 30 கிராம் - 7 கிராம்
• பாலும் தயிருமாக 300 மில்லி - 9 கிராம்

மொத்தம் 52 கிராம். இந்தப் பட்டியலில் விலை உயர்ந்த புரோட்டீன் பவுடர் இல்லை, பனீர்கூட இல்லை. பயறும் நிலக்கடலையும் இல்லாத தட்டை நினைத்துப் பாருங்கள். 18 கிராம் அப்படியே குறைந்துவிடும். அவசர நாளுக்கு மீல் மேக்கர் கைகொடுக்கும். உலர்ந்த 25 கிராமிலேயே சுமார் 13 கிராம் புரதம் இருக்கிறது.

இதில் அழகான விஷயம், ஜங்க் ஃபுட்டுக்கு மாற்று இந்த மாதத்திலேயே இருக்கிறது. பெரும்பாலான வருடங்களில் நவராத்திரி வருவது புரட்டாசியில்தான். கறுப்புக் கொண்டைக்கடலை, வெள்ளைக் கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, பட்டாணி, நிலக்கடலை, ராஜ்மா, கடலைப்பருப்பு என்று ஒன்பது நாளும் ஒன்பது சுண்டல். கொலு முடிந்ததும் சுண்டலையும் பரணில் ஏற்றிவிடாமல், அதை நாலு மணி ஸ்நாக்ஸாக வருடம் முழுக்க வைத்துக்கொண்டால் போதும். 20 ரூபாய்க்கு ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கினால் ஒருவர் சாப்பிடலாம். அதே பணத்துக்குக் கொண்டைக்கடலை வாங்கினால் வீட்டில் நான்கு பேருக்குச் சுண்டல்.

நாக்கையும் கவனியுங்கள்

சைவத்துக்கு மாறியவர்கள் பத்தியச் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்று சட்டமில்லை. நாக்கு தேடுவது பெரும்பாலும் மசாலாவைத்தான். அதை நிறுத்தாதீர்கள்.

• சேனைக்கிழங்கை மெல்லிய துண்டுகளாக நறுக்கி, அரைவேக்காடு வேகவைத்து, மீன் வறுவலுக்குப் போடும் அதே மசாலாவைத் தடவி, தோசைக்கல்லில் இரண்டு ஸ்பூன் எண்ணெயில் சுட்டு எடுங்கள். பொரிக்கத் தேவையில்லை.
• காளானைச் சின்ன வெங்காயம், மிளகு, சோம்பு, கறிவேப்பிலையோடு சுக்கா பாணியில் சுருள வதக்குங்கள்.
• வாழைப்பூவும் கடலைப்பருப்பும் அரைத்த கோலா உருண்டையைப் பணியாரக் கல்லில் வேகவிடுங்கள்.
• மொச்சையும் கத்திரிக்காயும் போட்ட புளிக்குழம்பு, தட்டைப்பயறுக் குழம்பு, கொங்குப் பக்கத்துக் கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடையல்... இவை ஒவ்வொன்றும் ஒரே சட்டியில் முடியும். கூட ஒரு கீரையோ காயோ இருந்தால் சாப்பாடு தயார்.

மொறுமொறுப்பு வேண்டுமா? வறுத்த பொட்டுக்கடலை, வறுகடலை, பொரி, வீட்டில் வறுத்த மக்காச்சோளப் பொரி இருக்கின்றன. பூசணி விதையும் எள்ளுருண்டையும் சின்ன அளவில் சேரலாம்.

சமைப்பவரின் களைப்புக்கும் வழி உண்டு. ஞாயிறு இரவு இரண்டு வகைப் பயறை ஊறவையுங்கள். காலையில் வேகவைத்து, தனித்தனி டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு, மூன்று நாளைக்குத் தாளித்து இறக்க வேண்டியதுதான் வேலை. ஊறவைப்பதும் தாளிப்பதும் அம்மாவின் வேலை மட்டும் இல்லை. தேங்காய் துருவ அப்பாவுக்கும் தெரியும்.

நாலு வாரத் திட்டம்

முதல் வாரம்: எதையும் நிறுத்த வேண்டாம். மாலை நாலு மணிக்குச் சுண்டல், மதியம் கெட்டிப் பருப்பு அல்லது பயறுக் குழம்பு என்று சேர்க்க மட்டும் செய்யுங்கள். அந்த வாரம் வீட்டுக்குள் வந்த பாக்கெட், குளிர்பானம், ஆர்டர் எல்லாவற்றையும் காலண்டர் ஓரத்தில் குறித்துவாருங்கள்.

இரண்டாவது வாரம்: பானங்களைக் கவனியுங்கள். குளிர்பானம், பாக்கெட் ஜூஸ் இடத்தில் மோர், எலுமிச்சைச் சாறு, இளநீர். டீ, காபியில் சர்க்கரையை அரை ஸ்பூன் குறையுங்கள். ஒரு நாளைக்கு நாலு டீ என்றால் இரண்டு ஸ்பூன் சர்க்கரை மிச்சம்.

மூன்றாவது வாரம்: பாக்கெட்டுகளைப் பாதியாக்குங்கள். வாங்கும் முன் லேபிளைப் படியுங்கள். எடையில் அதிகமாக உள்ள பொருள்தான் பட்டியலில் முதலில் வரும். முதல் மூன்று இடங்களில் மைதா, சர்க்கரை, பாமாயில் இருந்தால் திருப்பி வைத்துவிடலாம். 'கோதுமை பிஸ்கட்' என்று முன்னால் பெரிதாகப் போட்டிருக்கும். பின்னால் கோதுமை எத்தனை சதவிகிதம் என்று பாருங்கள். சோடியம் அளவை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். ஒரு நாளைக்கு 2,000 மில்லி கிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும்.

நான்காவது வாரம்: வெளிச் சாப்பாடு. வாரத்துக்கு ஒரு நாள் என்று வீட்டில் எல்லோரும் பேசி முடிவெடுங்கள். அந்த ஒரு நாளை ரசித்துச் சாப்பிடுங்கள். பசியோடு கடைத்தெருவுக்குப் போகாதீர்கள். கிளம்பும் முன் ஒரு வாழைப்பழமோ ஒரு கைப்பிடி கடலையோ சாப்பிட்டுவிட்டுப் போனால், பஜ்ஜிக் கடையைக் கடப்பது சுலபம்.

யாருக்கு என்ன கவனம் தேவை?

குழந்தைகள்: பள்ளிச் சத்துணவில் முட்டை சாப்பிடாத குழந்தைகளுக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். பழம் நல்லதுதான். ஆனால், முட்டையில் 6 கிராம் புரதம், வாழைப்பழத்தில் ஒரு கிராம் சொச்சம். விரத மாதத்தில் பிள்ளைக்கு முட்டையை நிறுத்தினால் மாலையில் சுண்டல், பால், கடலை மிட்டாய் என்று ஈடுகட்டுங்கள். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவிலும் விற்கக் கூடாது என்று 2020-ம் ஆண்டு விதி இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் அதை நினைவுபடுத்தலாம்.

பெண்கள்: முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள், பயறு வகைகளில் இரும்புச்சத்து இருக்கிறது. அது உடம்பில் சேர வைட்டமின் சி வேண்டும். சுண்டலில் எலுமிச்சை பிழியுங்கள்; சாப்பாட்டோடு நெல்லிக்காயோ கொய்யாவோ சேருங்கள். டீ, காபியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அவை தடுக்கும். பயறை முளைகட்டுவதும் மாவைப் புளிக்கவைப்பதும் இதற்கு உதவும். ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கீரையை மட்டும் நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

சர்க்கரை நோயாளிகள்: கறியை விட்டு அந்த இடத்தில் இன்னொரு கரண்டி சாதம் வைத்தால் சர்க்கரை ஏறும். பாதித் தட்டு காய், கால் தட்டு சாதம், கால் தட்டு பருப்பு அல்லது பயறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். மாத்திரை, இன்சுலின் எடுத்துக்கொண்டு விரதம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வேளைகளைத் தவிர்க்க வேண்டாம்.

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள்: மேலே சொன்ன புரதக் கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது. அளவை மருத்துவரும் டயட்டீஷியனும்தான் சொல்ல வேண்டும்.

அடிக்கடி வரும் மூன்று சந்தேகங்கள்

*சுண்டல் சாப்பிட்டால் வாயுத் தொல்லை வருகிறதே?*
இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாகக் குழைய வேகவையுங்கள். இஞ்சி, பெருங்காயம், சீரகம் சேருங்கள். முதல் வாரம் கால் கிண்ணத்தில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுங்கள். பச்சைப்பயறு, பாசிப்பருப்பு சுலபமாகச் செரிக்கும், அவற்றிலிருந்து தொடங்கலாம். தண்ணீரும் போதுமான அளவு குடியுங்கள்.

*சைவத்துக்கு மாறினால் வைட்டமின் பி12 குறையுமா?*
இயற்கையில் அது விலங்கு வழி உணவுகளில்தான் நம்பும் அளவுக்குக் கிடைக்கிறது. ஒரு மாத விரதத்தால் எதுவும் ஆகிவிடாது; கல்லீரலில் சேமிப்பு இருக்கும். நிரந்தரமாக மாறுபவர்கள் தினமும் பால், தயிர் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவற்றையும் விட்டு வீகனாக மாறுபவர்களுக்கு மாத்திரை அல்லது பி12 சேர்த்த உணவு அவசியம். நீண்ட நாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் பி12 குறையலாம். காரணமில்லாத சோர்வு, கை கால் மரத்துப்போவது, மறதி இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஸ்பைருலினாவையோ பழைய சோற்றையோ இதற்காக நம்பி இருக்க வேண்டாம்.

*சிப்ஸுக்குப் பதில் வீட்டிலேயே முறுக்கு, தட்டை செய்து வைக்கலாமா?*
நிறமும் ரசாயனமும் இல்லை என்ற அளவில் நல்லது. எண்ணெயும் உப்பும் அதிலும் உண்டு. டப்பா நிறைய இருந்தால் போகும்போதும் வரும்போதும் கை உள்ளே போகும். கொஞ்சமாகச் செய்து, எண்ணிக் கொடுங்கள்.

ஐப்பசி முதல் தேதி என்ன செய்வீர்கள்?

புரட்டாசி முடிந்த மறுநாள் கறிக்கடையில் மறுபடி வரிசை நிற்கும். அதில் நீங்கள் நிற்பீர்களா மாட்டீர்களா என்பது உங்கள் விருப்பம், உங்கள் வீட்டு வழக்கம். இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், நாலு மணிச் சுண்டலையும் கெட்டிப் பருப்பையும் விட்டுவிடாதீர்கள். தொடர்ந்து சைவம் என்றால் அதுதான் உங்கள் புரதம். மறுபடி அசைவம் என்றால், ஞாயிற்றுக்கிழமை கறி அளவாக இருக்கவும் மற்ற நாட்களில் ஜங்க் ஃபுட் குறையவும் அதுவே உதவும்.

இன்று இரவு படுக்கும் முன் ஒரு டம்ளர் கொண்டைக்கடலையை ஊறப்போடுங்கள். நாளை மாலை நாலு மணிக்கு வீடு என்ன சாப்பிடும் என்பது அப்போதே முடிவாகிவிடும்!